ஐந்து துளைத் தாள்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே பைண்டிங் அறையில் வேலை பார்க்கிறேன். நைந்துபோன பழைய பதிவேடுகளைப் பிரித்து, கிழிசலை ஒட்டி, திரும்பத் தைத்து, அட்டை போடுவது என் பிழைப்பு. பேராசிரியராகட்டும், துணைவேந்தராகட்டும், ஈரக் கையோடு என் மேஜையைத் தொட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவார்கள். அந்த வாய்தான் என் தங்கையின் ஒன்பது வருஷப் படிப்புக்கு உலை வைத்தது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுடைய முனைவர் பட்டத் தேர்வு. வேறு இடமாக இருந்தால் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். எங்களுடையது ஐந்நூறு வருஷத்துப் பழசு. எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. ஆய்வாளரைக் காலை எட்டு மணிக்கே மாடியில் ஒரு தனியறையில் விட்டு வெளியே காவலுக்கு ஆள் போடுவார்கள். தேர்வு முடிகிறவரை வெளியாள் யாரும் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பிறகு பெரிய மண்டபத்தில், சுவர் முழுக்க மேதைகளின் படங்கள் முறைத்துப் பார்க்க, ஊரறியக் கேள்வி பதில். எல்லாம் முடிந்ததும் கோல்காரர் எழுந்து, பூண் போட்ட நீளக் கோலால் தரையில் மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டு விழுவதற்குள் மண்டபத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும், தரை பெருக்குகிறவர்கூட, எழுந்து கேள்வி கேட்கலாம். கேள்வி மட்டும்தான். நீட்டி முழக்கிப் பேச அனுமதி இல்லை. மூன்றாவது தட்டு விழுந்துவிட்டால் பட்டம் பட்டம்தான். அதற்கப்புறம் எந்தக் கொம்பனாலும் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

கடைசியாக ஒருவர் எழுந்து கேட்டது நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால். ஒரு வானியல்காரர் புதிதாக ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மூட்டை மூட்டையாக எழுதியிருந்தாராம். தொலைநோக்கி துடைக்கிற ஆள் எழுந்து, "ஐயா, அந்தக் கண்ணாடியில ஒரு கீறல் இருக்கே, அத நீங்க கழிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டானாம். வானியல்காரர் அன்றைக்குச் சாயந்தரமே ஊரைவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. அவர் படத்துக்காக முன்கூட்டியே அடித்துவைத்த ஆணி இன்னும் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கிறது. புதிதாக வருகிற மாணவர்களை அதைக் காட்டித்தான் பயமுறுத்துவோம்.

அந்த ஆணிக்குப் பக்கத்தில் தொங்குகிற பெரிய படம் தாடிக்காரருடையது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய உடற்கூறு மேதை. பிரசவத்தில் குழந்தையின் தலை எப்படித் திரும்பி வெளியே வருகிறது என்று முதன்முதலில் சரியாக எழுதியவர் என்று அவருக்குப் பெயர். எங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் அவருக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியாக வேண்டும்.

என் தங்கை கை வைத்தது அவர் தாடியில்தான்.

அந்தக் காலத்தில் உடற்கூறு வகுப்பை வெளியாட்களும் வந்து பார்க்கலாம். பார்த்தவர்கள் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தோன்றியதை இரண்டு வரி எழுதலாம். தாடிக்காரரின் புத்தகம் வெளிவருவதற்கு முந்தைய வருஷத்துப் பதிவேட்டில், மார்ச் ஒன்பதாம் தேதித் தாளில், ஒரு பெண் எழுதியிருந்தாள். "தலை நீங்கள் சொன்ன வழியில் திரும்புவதில்லை. என் கையால் அறிந்தது." கீழே பெயர்கூட இல்லை. "மருத்துவச்சி மகள்" என்று மட்டும் போட்டிருந்தது. பெண்களை உள்ளே சேர்த்ததே அதற்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்துத்தான். அப்படியானால் இவள் எப்படியோ உள்ளே நுழைந்திருக்கிறாள், தாடிக்காரரின் தப்பைச் சொல்லியிருக்கிறாள், அந்த மனிதர் அதை நைசாகத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டு பெரிய ஆளாகிவிட்டார். இதுதான் சின்னவளின் ஆய்வு. நாடு நாடாக அலைந்து, அந்த வருஷத்து வகுப்புக் குறிப்புகளையெல்லாம் தேடிப் படித்து, தாடிக்காரர் முந்தைய வருஷம்வரை தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தார் என்று நிறுவியிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம், "என்ன தாத்தா, மாட்டிக்கிட்டீரா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன், அந்தத் தாளை முதன்முதலில் கண்ட அன்றைக்கு, அவள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தாள். பதிவேட்டின் தாள்களில் தேதி இருக்கும், வருஷம் இருக்காது. வருஷம் அட்டையில் மட்டும்தான்.

"அக்கா, இது நீ தைச்சதுதான? இந்தத் தாள் இந்தப் புஸ்தகத்துலயேதான இருந்துச்சு?"

நான் ஏதோ அவசர வேலையில் இருந்தேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பின்ன என்ன, றெக்க கட்டிப் பறந்தா வந்துச்சு? நான் தைச்சதுல தாள் இடம் மாறியிருக்கும்னு சொல்றியா? போடி, போய் வேலயப் பாரு!"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்று இருக்கிறது: தாளின் இடம், பதிவேட்டைத் தைத்த நூலகப் பைண்டரால் உறுதிசெய்யப்பட்டது.

தேர்வு நாள் காலை பத்து மணிக்கு ஒரு சீட்டு வந்தது. வெளியிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் அம்மா மூலப் பதிவேட்டையே மேஜையில் பார்க்க வேண்டும் என்கிறார், மண்டபத்துக்கு எடுத்து வரவும் என்று. பழைய பதிவேடுகளைப் பூட்டிவைக்கிற காப்பறையிலிருந்து நானே போய் எடுத்து வந்தேன். கொடுப்பதற்கு முன் எங்கேயாவது கிழிசல் இருக்கிறதா என்று விளக்கடியில் வைத்துப் புரட்டினேன். ஒன்பதாம் தேதித் தாள் வந்தது. உள்ஓரத்தில் விரல் பட்டது. தாள் நேராகத் தைக்கப்படவில்லை, மெல்லிய காகிதப் பட்டை ஒன்றில் ஒட்டி, அந்தப் பட்டையைத்தான் தைத்திருந்தது. தனித் தாளை அப்படித்தான் சேர்ப்போம், அதில் தப்பில்லை. ஆனால் பழைய தையல் போட்டிருந்த துளைகள் ஓரத்தில் அப்படியே தெரிந்தன. எண்ணினேன். ஐந்து.

முந்தைய தாளை எண்ணினேன். நாலு. அடுத்த தாளிலும் நாலு. புத்தகம் முழுக்க நாலு.

ஒவ்வொரு பதிவேட்டையும் அந்தந்தக் காலத்துப் பைண்டர் ஒரே அளவாகத் துளை போட்டுத்தான் தைத்திருப்பான். நாலு துளைப் புத்தகத்தில் ஐந்து துளைத் தாள் முளைக்காது.

அப்புறம்தான் எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் காப்பறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பார்வையாளர் பதிவேடுகள் மூன்று ஊறிப்போயின. தாள் தாளாகப் பிரித்து, துணி காயப்போடுவதுபோல் கயிறு கட்டி அறை முழுக்கத் தொங்கவிட்டோம். மேற்பார்வையாளர் ஒரு சிடுமூஞ்சி. நாலே நாளில் தைத்து வைக்கச் சொன்னார். கடைசியில் என் கையில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. தேதி மார்ச் ஒன்பது. காகிதமும் மூன்றுக்கும் ஒரே ஆலையுடையது. முதல் புத்தகத்தில் மார்ச் ஒன்பது இல்லை. அப்பாடா என்று அங்கே ஒட்டினேன். துளையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகும் போய்ப் பார்க்கவில்லை.

மற்ற இரண்டு புத்தகத்தையும் பார்க்கக் காப்பறைக்கு ஓடினேன். இரண்டாவதில் மார்ச் ஒன்பது ஒழுங்காக இருந்தது. மூன்றாவது, முதல் புத்தகத்துக்கு நாற்பது வருஷம் பிந்தியது. அட்டைக்கு உள்ளே என் கையெழுத்திலேயே, நான் எழுதி மறந்தேபோன வேலைக் குறிப்பு: "மார்ச் 9, ஒரு தாள் இல்லை." எட்டாம் தேதித் தாளின் பின்பக்கத்தில், எதிர்த் தாளின் மை நூறு வருஷத்துக்கு மேல் அழுந்தி, மங்கலாக இடவலம் மாறிய தடம் விட்டிருந்தது. கைப்பையிலிருந்து முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். மருத்துவச்சி மகள் என்று படித்தேன். துளைகள் ஐந்து.

தாடிக்காரர் செத்துப் பத்து வருஷம் ஆனபிறகு எழுதப்பட்ட தாள் அது. அப்போது பெண்கள் பெஞ்சுக்கு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கண்டுபிடித்தது பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. எவனோ ஒரு அரைகுறை வாத்தியார் தப்பாய்ச் சொல்ல, இவள் திருத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். என் தங்கையின் ஒன்பது வருஷம் என் ஒரு விரல் பசையில் நின்றுகொண்டிருந்தது.

மணி பதினொன்றரை. படியேறி மாடிக்குப் போனேன். தனியறை வாசலில் காவலாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாகத் தெரிந்த மனிதர்.

"அண்ணே, ஒரே நிமிஷம். வீட்டு விஷயம்."

"அக்கா, நீங்களே இப்படிக் கேக்கலாமா? ராஜாவே வந்தாலும் விடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு."

"ஒரு துண்டுச் சீட்டாவது குடுங்கண்ணே."

"அத நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அவங்க தேர்வே ரத்து. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

கதவுக்கு உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. பதற்றமாக இருந்தால் அப்படித்தான் நடப்பாள், சின்ன வயசிலிருந்தே. அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். பரீட்சை நாளில் ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், பின்னலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். கதவைத் தட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. தட்டாமல் இறங்கி வந்தேன்.

அடுத்து நெறியாளரிடம் போனேன். அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர். இரண்டு புத்தகத்தையும் மேஜையில் விரித்து, துளைகளைக் காட்டி, கண்ணாடியையும் கையில் கொடுத்தேன். பார்த்தார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னே வச்சுக்கலாம்."

"என்ன சார் சொல்றீங்க?"

"உக்காருங்கம்மா. வரலாற்றுத் துறையில வேலைக்கு அவ பேரு தயாரா இருக்கு. இன்னிக்குப் பட்டம், நாளைக்குக் கையெழுத்து. இந்த மாசம் விட்டா அந்த இடம் வேற ஆளுக்கு. பல்கலைக்கழக வரலாறு புதுப் பதிப்புல முதல் அத்தியாயமே இந்தத் தாள்தான், அச்சுக்குப் போயாச்சு. மூணு தட்டு விழட்டும். அப்புறம் நிதானமா உக்காந்து யோசிக்கலாம்."

"மூணு தட்டு விழுந்தப்புறம் யோசிக்க என்ன சார் இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்." கண்ணாடியை மூடி என்னிடம் நீட்டினார். "இன்னொண்ணு. இது வெளிய வந்தா மொதல்ல போறது உங்க வேலைதான். அடிக்குறிப்புல இருக்கிறது நீங்க. நான் இல்ல."

வேறு நாளாக இருந்தால் அவர் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதைத்தான் என் மனசும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக ஒருத்தரும் எண்ணவில்லை. இன்னும் ஒன்பது வருஷம் எண்ணமாட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும், சின்னவளின் வாழ்க்கை கரையேறிவிடும். சும்மா இருப்பது ஒரு குற்றமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியும் என்பதால் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நான் முதல் பதிவேட்டைத் தேர்வாளர் மேஜையில் வைத்துவிட்டு, மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். சின்னவள் உள்ளே வந்தாள். என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள், உதட்டோரத்தில் சிரித்தாள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் வெளுத்து வாங்கினாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. தாடிக்காரரின் பழைய பாடக்குறிப்பு எங்கே, எந்த வரியில் தப்பு, புத்தகத்தில் அது எப்படி மாறியது என்று தாளைப் பார்க்காமல் சொன்னாள். பின்வரிசையில் யாரோ "சபாஷ்" என்றார்கள். நெறியாளர் ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

தேர்வாளர் அம்மா அதுவரை அதிகம் பேசவில்லை. மெலிந்த உருவம், கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தாளைத் தொடாமல் பார்த்தார்.

"எல்லாம் இந்த ஒரு தாள்லதான் நிக்குது. இதுல வருஷம் இல்ல. புஸ்தகம் நடுவுல ஒரு தடவ பிரிச்சுத் தைச்சிருக்கு. தாள் இடம் மாறலன்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?"

சின்னவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"இதத் தைச்சது எங்க அக்காங்க. இங்கதான் இருக்காங்க. அவங்க கைபட்ட எதுவும் இடம் மாறி நான் பாத்ததில்ல. நான் கேட்டும் பாத்துட்டேன்."

மண்டபத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்புதான், பிரியமான சிரிப்பு. சில பேர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்த அம்மாவும் புன்னகையோடு எதையோ எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"வேற கேள்வி இல்ல," என்றார்.

கோல்காரர் எழுந்தார். முதல் தட்டு.

மடியில் இருந்த புத்தகம் பாறாங்கல்லாகக் கனத்தது. பேசாமல் இரு என்று எனக்கு நானே சொன்னேன். உனக்கென்ன, தாடிக்காரனுக்கா வக்காலத்து? செத்துப்போன ஆளுக்காக உயிரோடு இருக்கிறவள் சோற்றில் மண் போடுவாயா?

இரண்டாவது தட்டு.

சின்னவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில். வாழ்நாள் முழுக்க இப்படியே என்னை நம்பிப் பார்ப்பாள், வகுப்பு வகுப்பாக நின்று இந்தத் தாளைச் சொல்லிக்கொடுப்பாள், நான் வீட்டில் எதிரே உட்கார்ந்து அவளோடு சாப்பிட வேண்டும். என்னால் முடியாது. கோல் மேலே போனது.

"கேள்வி," என்றேன்.

குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. எழுந்து நின்று திரும்பச் சொன்னேன். "கேள்வி இருக்கு."

கோல் அந்தரத்தில் நின்றது. கோல்காரருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். நூற்றுமுப்பது வருஷமாக யாருக்கும் தேவைப்படாத விஷயம். கோலைப் பூனைக்குட்டியைப்போல் மெதுவாகத் தரையில் இறக்கினார். நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளுங்க," என்றார் தேர்வாளர் அம்மா.

நான் சின்னவளைப் பார்த்தேன். காலையிலிருந்து மனசுக்குள் ஆயிரம் வார்த்தை வைத்திருந்தேன். கேள்வி மட்டும்தான் கேட்க முடியும்.

"அந்தத் தாள்ல தையல் துளை எத்தன? பக்கத்துத் தாள்ல எத்தன?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்பதுபோல் பாதிச் சிரிப்பு முகத்தில் நின்றது. பிறகு மேஜைக்குப் போய்ப் பதிவேட்டின் மேல் குனிந்தாள். விரல் ஓரமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தாளிலும் இறங்கியது. திரும்ப முதல் தாளுக்குப் போனது. அவள் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

அப்போது அவள் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். துளை பிற்பாடு விழுந்திருக்கலாம், பைண்டர்கள் மாற்றித் தைத்திருக்கலாம் என்று நாலு வார்த்தை. மேஜையில் இருந்த யாருக்கும் அதை மறுக்கத் தெரிந்திருக்காது.

"இதுல அஞ்சு," என்றாள். "பக்கத்துல நாலு. இந்தத் தாள் இந்தப் புஸ்தகத்தோடது இல்லீங்க."

நான் நடந்துபோய் மூன்றாவது புத்தகத்தையும் கண்ணாடியையும் மேஜையில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, எட்டாம் தேதியைத் திருப்பி, கண்ணாடியில் படித்துவிட்டுத் தேர்வாளர் அம்மாவிடம் கொடுத்தாள்.

மூன்றாவது தட்டு விழவில்லை. பட்டம் இல்லை. தாளை உரிய இடத்தில் வைத்து, ஆய்வை மாற்றி எழுதி ஒரு வருஷம் கழித்து வரலாம் என்றார்கள். வரலாற்றுத் துறை வேலை அதற்குள் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோல்காரர் தோல் அட்டை போட்ட கேள்விப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கீறலைக் கேட்டவனுக்கு அடுத்த வரி காலியாக இருந்தது.

"கேட்டவர் தொழில்?"

"பைண்டர்."

"ஆய்வாளருக்கு ஏதாவது உறவா?"

"அக்கா."

அவர் பேனா நின்றது. பிறகு எழுதினார்.

நாலரை மணிக்கு அவள் பைண்டிங் அறைக்கு வந்தாள். இரண்டு பதிவேடும் அவள் கையில் இருந்தன. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். கத்துவாள், எதையாவது தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல," என்றாள். "நீ எண்ணியிருந்தா ரெண்டு நிமிஷம்க்கா. ரெண்டே நிமிஷம்."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? யார் என்ன கேட்டாலும் அடுத்த மூச்சில் பதில் வைத்திருப்பவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் பதிவேட்டை மேஜையில் வைத்து, ஒன்பதாம் தேதியைத் திறந்து, விளக்கை இழுத்தாள்.

"பிரி," என்றாள். "அந்தப் புஸ்தகத்துல வச்சுத் தை. இந்தத் தடவ நான் எண்ணுறேன்."

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மெல்லிய கத்தியை எடுத்து, இருபத்திரண்டு வருஷத்துப் பசையில் ஓட்டினேன். தாள் சுலபமாக வந்துவிட்டது. மூன்றாவது புத்தகத்தில் அதன் இடத்தில் வைத்து ஊசியைக் கோத்தேன். அவள் என் தோளுக்கு மேலே குனிந்து, ஒவ்வொரு துளைக்கும் விரலை வைத்துச் சத்தமாக எண்ணினாள்.